நெல்மூட்டைகளுக்கு நடுவே ஒரு மைக்

பாகூரிலிருந்து அக்கா மகன் அனுப்பியிருந்த ஒலித்துண்டு நாற்பது விநாடிதான். முதலில் பம்புசெட்டு மோட்டாரின் இரைச்சல். அதற்குப் பின்னால், மூடிவைத்த பானைக்குள் உட்கார்ந்து யாரோ வாசிப்பது போல ஒரு கித்தார். இடையில் ஒரு பெண் மாட்டை அதட்டுகிறாள். கடைசியில் அவன் குரல்: "மாமா, போன்ல எடுத்தேன். ஒழுங்கா எடுக்கணும்னா என்னென்ன வாங்கணும்? கையில 15,000 சேத்து வச்சிருக்கேன்."

நான் இருப்பது சென்னை வடபழனி. ஒலிப்பதிவுக் கூடங்களில் கேபிள் சுற்றுவதில் தொடங்கி மைக் வைப்பது, கலவை பார்ப்பது என்று இருபது வருடம் ஓடிவிட்டது. கனத்த இரட்டைக் கதவுகளுக்குப் பின்னால், வெளியே அடைமழை பெய்தாலும் தெரியாத அறைகளில் என் பிழைப்பு. கதவைச் சாத்தினால் ஊர் கிடையாது. அப்படி ஓர் அறை இல்லாதவன் கேட்கிறான். பட்டியல் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கித்தாரைக் காதால் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவனுடைய தாத்தாவின் தம்பி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரிப் பக்கம் அவர்களைச் 'சொல்தா' என்பார்கள். ஒரு முறை விடுப்பில் வந்தபோது நைலான் கம்பி போட்ட கித்தார் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடம் ஆகிறது. பரணில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, போனில் பார்த்துப் பார்த்து இவன் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டான். திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அந்த 15,000 அத்தனையும் ஓவர்டைம் காசு.

புதுச்சேரி, காந்தி வீதி

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காந்தி வீதி நெடுக சண்டே மார்க்கெட். பழைய ஜீன்ஸ், புது ஜீன்ஸ், அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் வாளி, ஒற்றைச் செருப்பு மலை. முதுகில் கித்தாரோடு அவன் முன்னால் போக, கூட்டம் அவனுக்கு மட்டும் விலகி வழிவிட்டது. கடையில் மைக்கைச் சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று சொல்லி, கித்தாரை எடுத்துவரச் சொன்னது நான்தான்.

அவன் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். சுவரில் ஒட்டும் கறுப்பு நுரைப் பலகை இருபத்து நான்கு, பாப் ஃபில்டர், மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மைக், கலர் விளக்கு எரியும் மிக்சர் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். பாப் ஃபில்டர் 'ப', 'ப்' என்று காற்றை உமிழும் வாய்க்கானது. கித்தாருக்கு வாய் இல்லை. மெல்லிய நுரைப் பலகை கீச்சொலியை மட்டும் உறிஞ்சும். சின்ன சிமென்ட் அறையில் கித்தாரைக் கெடுப்பது அடியில் குமுறும் ஒலி. நுரையை ஒட்டினால் அந்தக் குமுறல் அப்படியே இருக்கும், மேலே உள்ள பளபளப்பு மட்டும் செத்துப்போகும். ஸ்பீக்கருக்குப் பதில் காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று போதும். பதிவு செய்யும்போது ஒலி வெளியே கசிந்து மைக்குக்குள் திரும்பி வராது.

மைக் விஷயத்தில்தான் நெடுநேரம் நின்றோம். கடைக்காரர் மேடைப் பாடகர்கள் பிடிக்கும் டைனமிக் மைக்கை எடுத்து வைத்தார். உழைக்கும் சாமான், விழுந்தாலும் உடையாது. ஆனால் நைலான் கம்பிக் கித்தாரின் ஒலி சன்னம். அதற்கு டைனமிக் மைக் வைத்தால் கெய்னை முக்கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டிவரும். விலை குறைந்த பெட்டிகளில் அந்த இடத்தில் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல் ஏறிக்கொள்ளும். கண்டென்சர் மைக் மெல்லிய ஒலியையும் எடுத்துக் கொடுக்கும், ஆனால் 48 வோல்ட் மின்சாரம் கேட்கும். கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். ஒலி வருகிற அதே கேபிள் வழியாக மின்சாரம் மைக்குக்குப் போகும். பெட்டி வாங்கும்போது நான் பார்த்தது இரண்டே விஷயம்: அந்த 48 வோல்ட் பொத்தான், வாசிப்பதை அந்தக் கணமே ஹெட்போனில் கேட்க உதவும் டைரக்ட் மானிட்டர் பொத்தான். இரண்டாவது இல்லையென்றால், ஒலி கணினிக்குள் போய்ச் சுற்றிவந்து காதில் விழுவதற்குள் விரல் அடுத்த கம்பிக்குப் போயிருக்கும். தாளம் தடுமாறும்.

அவனிடம் 1982-ஐப் பற்றிச் சொன்னேன். அந்த வருடம் ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூஜெர்சியில் தான் குடியிருந்த வாடகை வீட்டின் படுக்கையறையில் ஒரு டாஸ்காம் நாலு தடக் கேசட் பெட்டி, இரண்டு ஷூர் மைக், ஒரு கித்தார் வைத்துக்கொண்டு பாட்டுகளை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பிறகு பெரிய கூடத்தில் வாத்தியக்காரர்களோடு அதே பாட்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். கேசட்டில் இருந்தது அங்கே வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக வெளிவந்தது. அதே 1982-இல்தான் நம் ஊரில் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அதில் 'இளைய நிலா' பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கித்தாரை, தமிழ்நாட்டில் கித்தார் தூக்குகிற ஒவ்வொரு பிள்ளையும் இன்றும் வாசித்துப் பார்க்கிறது. அது பெரிய கூடத்தின் வேலை, இது படுக்கையறையின் வேலை. இரண்டிலும் கித்தார் நம் காதருகே வந்து உட்காருகிறது.

கண்டென்சர் மைக் ஒன்று, இன்டர்ஃபேஸ் பெட்டி, கேனன் கேபிள், அடிப்பாகம் கனமான மைக் ஸ்டாண்ட், ஹெட்போன். எல்லாம் போக மிச்சமிருந்த காசில் ஒரு செட் நைலான் கம்பி. அவன் கித்தாரில் இருந்த கம்பிகள் எப்போது மாட்டியவை என்று அவனுக்கே தெரியவில்லை. மைக்குக்கு ஆயிரம் கூடப் போடுவதை விடக் கம்பி மாற்றுவது பெரிய வித்தியாசம் காட்டும். இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

வில்லியனூர்

புதுச்சேரியிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் வந்தால் ஊர் வேறு மாதிரி மூச்சு விடுகிறது. திருக்காமீசுவரர் கோயில் தெருக்கள் தேர் திரும்புகிற அளவுக்கு அகலம். வைகாசித் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது அந்தக் காலத்து வழக்கம். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து பிடிக்கிறார்கள். சற்றுத் தள்ளி லூர்து மாதா கோயில். பிரான்சின் லூர்தில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படுவது 1858-இல். இங்கே கோயில் எழுந்தது 1877-இல். பத்தொன்பது வருடத்தில் ஒரு நம்பிக்கை கடல் தாண்டி நெல்வயலுக்கு நடுவே வந்து சேர்ந்திருக்கிறது. கோயிலுக்கு முன்னால் குளம். பகல் வெயிலில் படிக்கட்டில் இரண்டு கிழவிகள் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

கித்தாரைப் பார்த்துவிட்டுத் தானாக வந்து பேசினார் ஒருவர். எழுபதைத் தாண்டிய வயது; பாடகர் குழுவில் இளவயதிலிருந்து வாசித்தவராம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. அதன் பின்னால் கிராமத்துக் கோயில்களுக்குக் கித்தாரும் வந்தது. எழுபதுகளில் ஒரு சாமியாரிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். குளத்துப் படியில் உட்கார்ந்து எங்கள் கித்தாரை வாங்கி மடியில் வைத்து, விரல்நுனியால் நான்கு கோர்வை வாசித்தார். மெதுவான வாசிப்பு. ஒவ்வொரு ஒலியும் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததைத் தொட்டார்.

"ஏன் இவ்ளோ மெதுவா ஐயா?" என்று பையன் கேட்டான்.

"உள்ளே ஒசரமான கூரை தம்பி. நாம வுட்ட சத்தம் மேல போய் முட்டித் திரும்பி வரும். அது வர்றதுக்குள்ள நாம அடுத்ததைப் போட்டா ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்துரும். அம்பது வருசமா அந்தக் கூரை சொன்னபடி வாசிச்சுப் பழகிட்டேன். இப்ப வூட்டுல வாசிச்சாலும் இப்படித்தான் வருது."

இருபது வருடத்தில் எத்தனையோ கூடங்களில் எதிரொலியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கட்டடம் ஒரு மனிதனின் கைக்குள் குடியேறிவிடும் என்பதை அந்தக் குளத்தங்கரையில்தான் பார்த்தேன்.

மைக்கைக் கணினியில் இணைத்து அவர் வாசிப்பைப் பதிவு செய்ய ஆசைப்பட்டோம். கறகறவென்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே இல்லை. கேபிளை அசைத்தால் வருகிறது, விட்டால் போகிறது. புதுக் கேபிள். கடைக்குத் திரும்பிப் போகலாம் என்றேன். பெரியவர் சிரித்துவிட்டுக் கடைத்தெருவில் ஒரு மைக்செட் கடைக்கு அனுப்பினார்.

கடைக்குள் குழாய் ஸ்பீக்கர்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கியிருந்தன. கூரையில் சீரியல் பல்பு மாலைகள். கடைக்காரர் கேபிள் முனையைத் திருகித் திறந்து, மூக்கருகே வைத்துப் பார்த்தார். "பத்த வச்சது ஒட்டவேயில்ல. ஈயம் சும்மா மேல உக்காந்திருக்கு." ஈயக்கோலைச் சூடுபண்ணி மூன்று முனைகளையும் உறிஞ்சியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். புகை எழுந்து ரோசின் வாசனை பரவியது. காசு வேண்டாம் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தோம். எதற்கு இந்த மைக் என்று கேட்டார். சொன்னோம். வீட்டில் கித்தார் பதிவு. ஆனால் மோட்டார், டிவி, கோயில் பாட்டு, எதுவும் விழக் கூடாது.

"நாங்க ஊரெல்லாம் சத்தம் கட்டறவங்க. நீங்க சத்தம் இல்லாத நேரம் தேடிக்கினு வந்திருக்கீங்க." அவருக்கு இந்த வட்டாரத்தில் எந்த ஊரில் எந்த நாள் என்ன விசேஷம் என்பது மனப்பாடம். திங்கட்கிழமை எந்த ஊரில் நிச்சயதார்த்தம், வெள்ளிக்கிழமை எந்த அம்மன் கோயிலில் குழாய் கட்டுகிறார்கள் என்று ஒப்பித்தார். "செவ்வாக்கிழம பாகூர் பக்கம் ஒரு காதுகுத்து. அன்னிக்கு அங்க பத்து மணிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் லைன் வேலை, கரண்டு இருக்காதுன்னு ஜெனரேட்டர் கேட்டாங்க. அதுவும் ஊரு தாண்டி, உங்களுக்குக் கேக்காது." அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புறப்படும் வழியில் சுடுமண் வேலை செய்யும் ஒரு வீட்டின் முன் நின்றோம். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 2020-இல் பத்மஸ்ரீ பெற்ற வி. கே. முனுசாமி இந்தக் கைத்தொழிலின் பிள்ளை. நாங்கள் பார்த்த பெரியவர் பெயர் வாங்காதவர், சாமிக்குக் குதிரையும் வீட்டுக்குப் பானையும் செய்கிறவர். அக்காவுக்கு ஒரு சட்டி வாங்கலாம் என்று கேட்டதும், அடுக்கிலிருந்து எடுத்து விரல் கணுவால் தட்டினார். கணீர் என்றது. அடுத்ததைத் தட்டினார், அதுவும் சட்டிதான், பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒலி பாதியில் நின்றுவிட்டது. "மயிர்விரிசல்" என்று ஒதுக்கி வைத்தார். பையன் ஏதோ தோன்றியவனாகக் கித்தாரைக் கொடுத்தான். அவர் தயங்காமல் அதன் முகத்தை அங்கங்கே தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். பாலத்துக்குக் கீழே ஓரிடத்தில் 'டர்ர்' என்றது. "இங்க உள்ள ஏதோ ஒட்டு வுட்டிருக்கு."

விட்டிருந்தது. உள்ளே முகப்பலகையைத் தாங்கும் சட்டங்களில் ஒன்றின் முனை பிரிந்திருந்தது. அவன் அனுப்பிய ஒலித்துண்டில் மோட்டார் என்று நான் நினைத்த அதிர்வில் கொஞ்சம் இதுதான். அன்று இரவே பாகூரில் ஒரு தச்சர் ஓட்டை வழியாகக் கையை நுழைத்துப் பசை தடவி, மூங்கில் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்துவைத்தார். மைக் வாங்கப் புறப்பட்டவர்கள் முதலில் வாங்கியிருக்க வேண்டியது கொஞ்சம் பசை.

சேலியமேடு

கரிக்கலாம்பாக்கம் தாண்டித் தெற்கே போனோம். இந்தப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தால் ஒரு காகிதத்தைக் கிழித்துத் தூவினாற்போல இருக்கும். புதுச்சேரித் துண்டு, தமிழ்நாட்டுத் துண்டு, மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் பிடித்த ஊர்களை அப்படியே வைத்துக் கோடு போட்டதன் மிச்சம். 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது. வரப்புக்கு அது எதுவும் தெரியாது. இந்தப் பக்கம் அறுவடை முடிந்த தாள், அந்தப் பக்கமும் அதே தாள். ஊராட்சியை மட்டும் இங்கே இன்னமும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்கிறார்கள்.

கவிஞர் வாணிதாசன் 1915-இல் பிறந்தது வில்லியனூரில். வாழ்ந்தது இந்தச் சேலியமேட்டில். பாரதிதாசனின் மாணவர், பள்ளி ஆசிரியர், இயற்கையைப் பாடியவர். 1974-இல் மறைந்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே அவர் எத்தனை முறை போய்வந்திருப்பாரோ, அந்த வயல்களுக்கு நடுவேதான் நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். அறுவடை இயந்திரம் ஒன்று தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் கொக்குகள் இறங்கும் சிறகோசைகூடக் கேட்டது. டீக்கடையில் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் புறப்பட்டோம்.

பாகூர்

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். சட்டியை வாங்கித் தானும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "நல்ல சட்டி தம்பி."

அன்றைய இரவுச் சாப்பாடு அந்தச் சட்டியில் இல்லை. புதுச் சட்டியைப் பழக்க வேண்டும். பழைய சட்டியில் விரால் மீன் குழம்பு. தாளிப்புக்கு அத்தை, அதாவது அக்காவின் மாமியார், உறியிலிருந்து ஒரு உருண்டை வடவம் எடுத்துக் கொடுத்தார். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்துப் பிசைந்து, பகலில் காயவைத்து இரவில் மறுபடி உருட்டி, நாள் கணக்கில் வெயில் பார்த்து எடுப்பது. புதுச்சேரி வடவத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 'வாதுவான்' என்று பெயர் சொல்லித் தங்கள் சமையலுக்குக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டுப் புட்டிகளில் அதைப் பொடியாகப் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் உருண்டை உதிர்ந்து சிவக்கும்போது வீடு முழுக்க எழுகிற அந்த மணம் எந்தப் புட்டியிலும் இருந்ததில்லை. சென்னையில் நான் தாளிப்பது மூன்று விநாடி வேலை. இங்கே அதற்குப் பின்னால் ஒரு கோடைகாலம் இருக்கிறது.

திங்கட்கிழமை அறை தேடினோம். முன்கூடம் புதிதாகக் கட்டியது: காங்கிரீட் கூரை, வழவழத் தரை. கை தட்டினால் 'ட்ரிங்' என்று சுவருக்குச் சுவர் துள்ளியது. அங்கே வைத்தால் எந்த மைக்கும் தோற்கும். பையனின் அறை சின்னது, சதுரம். உள்ளே கித்தாரின் தடித்த கம்பி மட்டும் தனியாக ஊதிப் பெருத்தது. நுரை, கம்பளி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா பின்கட்டைத் திறந்தாள். பழைய வீடு. நாட்டு ஓடு, மண்சுவர். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய சம்பா நெல் மூட்டை மூட்டையாக மூன்று பக்கமும் இடுப்புயரம் அடுக்கியிருந்தது. உள்ளே போய்க் கை தட்டினேன். தட்டிய ஒலி தட்டிய இடத்திலேயே நின்றது.

கூடங்களில் இதற்காகக் கண்ணாடிக் கம்பளியைச் சட்டத்தில் அடைத்து, மேலே துணி கட்டி, சுவர் சுவராக வைக்கிறோம். கனமும் உண்டு, உள்ளே காற்று புகும் துளையும் உண்டு என்கிற பொருள்தான் அடியொலியை அடக்கும். சாக்குக்குள் நெல் அந்த இரண்டையும் செய்தது. மேலே ஓட்டுக்கூரை சரிவாக இருந்ததால் ஒலி நேருக்கு நேர் மோதித் திரும்பவும் வழியில்லை. தரையில் கோரைப்பாய் மேல் ஒரு ஜமுக்காளம் விரித்தோம். செலவு ஒன்றுமில்லை.

பிறகு மைக் வைக்கும் இடம். எல்லோரும் செய்கிற தவறு, ஒலி வருகிற ஓட்டைக்கு நேராக மைக்கை நீட்டுவது. அங்கே வருவது குடத்துக்குள்ளிருந்து வருகிற உறுமல். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, பன்னிரண்டாம் கட்டை ஒட்டிப் பார்த்தபடி, ஒரு சாண் தள்ளி வைத்தோம். பையனுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, அவன் வாசிக்க வாசிக்க மைக்கை விரற்கடை விரற்கடையாக நகர்த்தினேன். பாலத்தின் பக்கம் போனால் ஒலி மெலிந்து கூர்மையானது. ஓட்டைப் பக்கம் வந்தால் கொழுத்தது. இடையில் ஓரிடத்தில் அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "மாமா, இங்கதான்." விரல் தோல் நைலானில் உரசுவதுகூட அவனுக்குக் கேட்டிருக்கிறது. தரையில் சுண்ணாம்பால் ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் குறி போட்டான்.

மீட்டரில் உச்சம் சிவப்பைத் தொடாமல், கழித்தல் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி கெய்னை வைத்தோம். எல்லாம் சரி. ஆனால் அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். கேபிளை மாற்றவில்லை, மைக்கை மாற்றவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. பழைய கட்டின் பிளக்கில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருந்தது, பின்னால் எர்த் கம்பியே இல்லை. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அப்படித்தான் பதிவுக்குள் குடிவரும். பேட்டரியில் ஓட்டினால் ரீங்காரம் இல்லை. கித்தாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். வெட்டி எடுக்கப் போனால் இதன் சதையும் சேர்ந்து வரும்.

ஊர்ச் சத்தம் மட்டும் பாக்கி. அன்று முழுக்க ஒரு தாளில் எழுதிவைத்தேன். காலை ஐந்தரை, கோயில் குழாய். ஆறு, பால் வண்டி. ஏழிலிருந்து பம்புசெட்டு. மதியம் எதிர்வீட்டு டிவி. மாலை பள்ளிப் பிள்ளைகள். இரவு ஒன்பதுக்கு மேல் மறுபடி மோட்டார். அது நின்றால் தவளை. கண்டென்சர் மைக் பாரபட்சம் பார்ப்பதில்லை. நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து எடுத்துப் பார்த்தோம். ஷிப்டுக்குப் போய்வந்த உடம்பு, அவன் விரல் ஓடவில்லை.

ஏரிக்கரை

தூக்கம் கலைந்துவிட்டதால் செவ்வாய் விடியற்காலை ஏரிக்கரைக்கு நடந்தோம். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. சொர்ணாவூர் அணையில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் இதற்குத் தாய்ப்பால். சிங்காரி, பங்காரி என்ற இரண்டு கோயில் நடனப் பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டிவைத்ததாக ஊரில் சொல்கிறார்கள். தை மாதம், தண்ணீர் கரை தொட்டு நின்றது. பனியில் மறுகரை தெரியவில்லை. கரையில் நின்ற பெரியவர் ஒருவர், "பறவைங்க எழும்பறதுக்கு முன்ன கால் மணி நேரம் ஏரி பேசாது" என்றார். உண்மையாகவே பேசவில்லை. வடபழனியில் நான் அடைத்துவைத்த மௌனத்தைத்தான் இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன். இது திறந்த வெளியின் மௌனம்; அதற்கு அகலம் இருந்தது.

திரும்பும்போது மூலநாதர் கோயில். சோழர் காலக் கருங்கல் கட்டடம். சுவரில் கல்வெட்டு வரிகள். பாகூர் அன்று 'வாகூர்'. பல்லவன் நிருபதுங்கவர்மன் இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விச் சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செப்பேடு 1879-இல் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கிராமத்தில் கற்கிறவர்களுக்காக மூன்று ஊர் விளைச்சலை ஒதுக்கியிருக்கிறார்கள். கல்தூணில் சாய்ந்துகொண்டு பையன் கேட்டான்: "மாமா, இங்க வச்சு எடுத்தா எப்படி இருக்கும்?" நன்றாக இருக்கும், ஆனால் அது கோயிலின் பதிவாகிவிடும் என்றேன். லூர்து மாதா கோயில் பெரியவர் அவனுக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையாட்டினான்.

பின்கட்டு

சரியாகப் பத்து மணிக்கு மின்விசிறி நின்றது. மைக்செட்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொன்றாகக் காதிலிருந்து விலகின. எதிர்வீட்டு டிவி இல்லை. பம்புசெட்டு இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. மாவுமில் இல்லை. ஊரே ஒரு பெரிய மூச்சை விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. எங்கள் லேப்டாப் பேட்டரியில் இருந்தது. இன்டர்ஃபேஸ் பெட்டி அதிலிருந்தே யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மைக்குக்குத் தேவையான 48 வோல்ட்டை அந்தப் பெட்டியே உண்டாக்கிக் கொடுக்கும். அத்தனையும் தயார். "டேய், ஓடு" என்றேன்.

சுண்ணாம்புக் குறிகளில் ஸ்டாண்டு நின்றது. பசை காய்ந்து இறுகியிருந்தது. புதுக் கம்பி இரண்டு நாளில் இழுபட்டு நிலைக்கு வந்திருந்தது. ஆணியைத் திருகி ஒருமுறை சுருதி பார்த்தான். வாசித்தது அவனே போட்ட மெட்டு, மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஷிப்டு பஸ்ஸில் திரும்பும்போது மனசுக்குள் கட்டியதாம். நெல் வாசனைக்கு நடுவில், ஹெட்போன் வழியாக அது வந்தது. தடித்த கம்பி ஊதவில்லை. மெல்லிய கம்பி கீறவில்லை. விரல் கட்டு மாறும் அந்தச் சின்ன உரசல், அவன் மூச்சை இழுத்து அடுத்த பகுதிக்குள் நுழைவது, கடைசிக் கோர்வை தேய்ந்து தேய்ந்து சாக்குகளுக்குள் கரைந்து போவது, எல்லாம் இருந்தது. சொல்தா தாத்தா கொண்டுவந்த பெட்டி இத்தனை வருடம் கழித்துத் தன் குரலில் பேசியது. எனக்குத் தொண்டை அடைத்தது.

பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கித்தாருக்குப் பின்னால், வெகு தூரத்தில், 'சரக்... சரக்... சர்ர்' என்று ஒரு சீரான சத்தம். கொல்லைப் பக்கக் கதவைத் திறந்து பார்த்தோம். அத்தை வேப்பமர நிழலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயா, பதிவுல வுழுதே. கொஞ்ச நேரம் நிறுத்தேன்."

"நான் இன்னாடா பண்ணேன், சும்மாதானே குந்திக்கினு இருக்கேன்?" என்றவர் முறத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டார். மறுபடி வாசித்தான். இந்த முறை சுத்தம். அப்புறம் இன்னும் இரண்டு முறை. பன்னிரண்டு மணிக்கு நான்கு பதிவுகள் கையில் இருந்தன.

கேட்டுத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். தொழில்முறையில் நான் சொல்ல வேண்டியது இரண்டாவது பதிவை. விரல் தவறவில்லை, தாளம் நிற்கிறது. அவன் முதல் பதிவையே திரும்பத் திரும்பப் போட்டான். அத்தையைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினான். அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் சட்டென்று திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தார். முறம் அவர் மடியில்தான் இருந்தது.

இரண்டு மணிக்கு மின்விசிறி சுழன்றது. எதிர்வீட்டில் யாரோ "கரண்டு வந்துச்சு" என்று கத்தினார்கள். எங்கோ மோட்டார் பிடித்தது. பையன் இரண்டு கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டு, பெயர் போட்டான். ஒன்றுக்கு 'முறம்'. இன்னொன்றுக்கு 'முறம் இல்லாமல்'.